வென்டிலேட்டரில் இருக்கும் அம்மாவுக்கு ஒரு மூச்சுக்கு 250 மில்லி காற்று மட்டும் கொடுப்பது ஏன்?

தாமிரபரணிக்கரை கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். என் அம்மாவுக்கு வயது 58. கடுமையான நிமோனியா வந்து ஐசியூவில் சேர்த்தோம். மூச்சுக்குழாயில் குழாய் செலுத்தி வென்டிலேட்டரில் வைத்து இன்று ஆறாவது நாள். இரண்டு பக்க நுரையீரலிலும் நீர் கோத்து, ஏஆர்டிஎஸ் என்ற நிலைக்குப் போய்விட்டது என்று மருத்துவர்கள் சொல்லியிருக்கிறார்கள்.

தினமும் பத்து நிமிடம் உள்ளே விடுகிறார்கள். அந்தப் பத்து நிமிடமும் நானும் என் அத்தானும் திரையில் ஓடும் எண்களைத்தான் பார்த்துக்கொண்டு நிற்கிறோம். அத்தான் பொறியாளர் என்பதால் எல்லாவற்றையும் ஒரு காகிதத்தில் குறித்து வைத்திருக்கிறார். ஒரு மூச்சுக்கு உள்ளே போகும் காற்று 250 மில்லி. நிமிடத்துக்கு 30 மூச்சு. ஆக்சிஜன் 60 சதவீதம். விரலில் மாட்டியிருக்கும் கருவியில் 89, 90 என்று காட்டுகிறது. இரத்தப் பரிசோதனையில் கரியமில வாயு 62 என்று வந்திருக்கிறது, 45க்கு மேல் இருக்கக் கூடாதாமே. ஒரு சாதாரண ஆள் சும்மா உட்கார்ந்து மூச்சு விடும்போதே 500 மில்லி உள்ளே போகும், 71 கிலோ எடையுள்ள அத்தைக்கு அதில் பாதியைக் கொடுத்தால் எப்படிப் போதும் என்று அத்தான் கேட்கிறார். எனக்குப் பதில் தெரியவில்லை.

மருத்துவரிடம் கேட்டபோது, "கருவியால் நுரையீரல் புண்படக் கூடாது, அதனால்தான் குறைத்து வைத்திருக்கிறோம்" என்று சொல்லிவிட்டு அடுத்த படுக்கைக்குப் போய்விட்டார். காப்பாற்றுவதற்காக வைத்த கருவி எப்படிப் புண்படுத்தும்? முதல் நாள் அம்மாவைச் சேர்த்ததும் செவிலியர் ஒருவர் தையற்காரர் போல நாடாவை எடுத்து உச்சந்தலையிலிருந்து குதிகால் வரை அளந்து 148 என்று எழுதிக்கொண்டார். அது எதற்கு என்றும் விளங்கவில்லை. நேற்று மாலை 4 மணியிலிருந்து இன்று காலை 8 மணி வரை அம்மாவைக் குப்புறப் படுக்க வைத்திருந்தார்கள். முகம் வீங்கிப்போய் அடையாளமே தெரியவில்லை.

இதை எழுதத் தயக்கமாக இருக்கிறது, ஆனாலும் கேட்டுவிடுகிறேன். இனிப் பயனில்லை என்று கைவிட்டுவிட்டு, பெயருக்குக் கொஞ்சம் காற்று கொடுத்துக்கொண்டிருக்கிறார்களா?

நள்ளிரவுப்பணி எழுதியது:

சகோதரி, நான் பன்னிரண்டு ஆண்டுகளாக ஐசியூவில் வேலை செய்யும் மருத்துவர். உங்கள் அம்மாவை நேரில் பார்க்காமல் அவருடைய சிகிச்சையைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. ஆனால் நீங்கள் எழுதியிருப்பவை கைவிட்டவர்கள் வைக்கும் எண்கள் அல்ல. உட்கார்ந்து கணக்குப் போட்டு வைத்த எண்கள். அந்த நாடாவிலிருந்தே தொடங்குகிறேன்.

நுரையீரலின் அளவு ஒருவருடைய உயரத்தையும் அவர் ஆணா பெண்ணா என்பதையும் பொறுத்தது. வயிறு பருத்தாலும் இடுப்பு பருத்தாலும் நுரையீரல் பருப்பதில்லை. ஐம்பது கிலோவாக இருந்தபோது இருந்த அதே நுரையீரல்தான் எழுபத்தொரு கிலோவிலும் இருக்கும். ஆகவே வென்டிலேட்டருக்கான கணக்கில் எடைப்பொறி காட்டும் எடையை எடுப்பதில்லை, உயரத்திலிருந்து பெறும் எடையை எடுக்கிறோம். பெண்களுக்கு 152.4 சென்டிமீட்டர் உயரத்துக்கு 45.5 கிலோ என்று தொடங்கி, அதற்கு மேலே போகும் ஒவ்வொரு சென்டிமீட்டருக்கும் 0.91 கிலோ கூட்ட வேண்டும், கீழே போனால் கழிக்க வேண்டும். ஆண்களுக்குத் தொடக்க எண் 50 கிலோ. உங்கள் அம்மாவின் 148 சென்டிமீட்டருக்கு 41.5 கிலோ வருகிறது. கிலோவுக்கு 6 மில்லி என்றால் 249. திரையில் நீங்கள் பார்க்கும் 250 அதுதான்.

அத்தான் சொல்வதுபோல 500 மில்லி வைத்தால் கிலோவுக்கு 12 மில்லி ஆகிறது. அவர் அறியாமலே கேட்டிருக்கும் இந்தக் கேள்வியை, 6 மில்லியா 12 மில்லியா என்று, அமெரிக்காவில் பல மருத்துவமனைகள் சேர்ந்து 861 ஏஆர்டிஎஸ் நோயாளிகளிடம் சோதித்து 2000ஆம் ஆண்டில் வெளியிட்டார்கள். 12 மில்லி பெற்றவர்களில் 39.8 சதவீதம் பேர் இறந்தார்கள். 6 மில்லி பெற்றவர்களில் 31.0 சதவீதம் பேர். வேறுபாடு தெளிவாகத் தெரிந்துவிட்டதால் ஆய்வை முன்கூட்டியே நிறுத்தினார்கள். இதில் உங்கள் அத்தான் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. முதல் சில நாட்களில் ஆக்சிஜன் அளவு நன்றாக இருந்தது 12 மில்லி பெற்றவர்களுக்குத்தான். திரையில் அழகான எண்கள் இருந்த பக்கத்தில்தான் அதிகம் பேர் இறந்தார்கள்.

ஏன் அப்படி? ஏஆர்டிஎஸ் வந்த நுரையீரலை எக்ஸ்ரேயில் பார்த்தால் முழுவதும் ஒரே சீராக வெளுத்திருப்பதுபோலத் தெரியும். 1980களில் இத்தாலியில் கட்டினோனியும் அவருடைய குழுவினரும் சிடி ஸ்கேனில் பார்த்தபோதுதான் நோய் அப்படிச் சீராகப் பரவவில்லை என்று தெரிந்தது. மல்லாந்து படுத்திருக்கும் நோயாளியின் முதுகுப்பக்கம் நீரில் ஊறி அமுங்கிக் கிடக்கிறது. நெஞ்சுப்பக்கத்தில் கொஞ்சம் மட்டும் ஏறக்குறைய நல்ல நிலையில் திறந்திருக்கிறது. அந்தத் திறந்த பகுதியின் அளவு ஐந்தாறு வயதுக் குழந்தையின் நுரையீரல் அளவுதான் என்பதால் அதற்குக் குழந்தை நுரையீரல் என்றே பெயர் வைத்தார்கள். நீங்கள் அனுப்பும் காற்று நோயுற்ற பகுதிக்குள் போவதில்லை. வழி திறந்திருக்கும் அந்தச் சிறிய பகுதிக்குள்தான் முழுவதும் பாயும். பெரியவருக்கான 500 மில்லியை ஒரு குழந்தையின் நுரையீரலுக்குள், நிமிடத்துக்கு முப்பது முறை, நாள் முழுவதும் செலுத்தினால் என்ன ஆகும்? காற்று நுண்ணறைகளின் சுவர் அளவுக்கு மீறி இழுபட்டுக் கிழிகிறது, இரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசிகிறது, நன்றாக இருந்த பகுதியும் நோயுற்ற பகுதியாக மாறுகிறது.

இரண்டாவது வழியிலும் சேதம் நடக்கிறது. அமுங்கிய நுண்ணறைகள் மூச்சை இழுக்கும்போது திறந்து, விடும்போது மூடி, ஈரமான இரண்டு தாள்கள் ஒட்டுவதும் பிரிவதும் போல உராய்ந்துகொண்டே இருக்கும். அதைத் தடுக்கத்தான் மூச்சு வெளியேறிய பிறகும் உள்ளே சிறிதளவு அழுத்தம் தங்கும்படி வைக்கிறோம். அந்த அழுத்தம் பீப் (PEEP) என்று திரையில் இருக்கும், உங்கள் அத்தானின் காகிதத்தில் அதையும் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

மூன்றாவது, புண்பட்ட நுரையீரலிலிருந்து அழற்சியைத் தூண்டும் பொருள்கள் இரத்தத்தில் கலந்து சிறுநீரகம், கல்லீரல் என்று மற்ற உறுப்புகளையும் தாக்குகின்றன. ஏஆர்டிஎஸ் நோயாளிகளில் பெரும்பாலோர் ஆக்சிஜன் போதாமல் இறப்பதில்லை, பல உறுப்புகள் ஒன்றன்பின் ஒன்றாகச் செயலிழந்துதான் இறக்கிறார்கள். 2000ஆம் ஆண்டு ஆய்விலும் அந்த அழற்சிப் பொருள்களில் ஒன்று 6 மில்லி பெற்றவர்களின் இரத்தத்தில்தான் அதிகமாகக் குறைந்தது.

கரியமில வாயு 62 என்பதைப் பற்றி. குறைவான காற்று உள்ளே போனால் குறைவான கரியமில வாயுதான் வெளியே வரும். அது தெரிந்தே ஏற்றுக்கொள்ளும் விலை. நிமிடத்துக்கு 30 மூச்சு வைத்திருப்பதும் அந்த விலையை ஓரளவு குறைக்கத்தான். இரத்தத்தின் அமிலத்தன்மை எல்லை மீறாதவரை பெரும்பாலான நோயாளிகள் இதைத் தாங்கிக்கொள்கிறார்கள். தலையில் அடிபட்டு மூளைக்குள் அழுத்தம் கூடியவர்களுக்கு இந்தச் சலுகை கிடையாது, ஏனெனில் கரியமில வாயு கூடினால் அந்த அழுத்தம் மேலும் கூடும். விரலில் 89, 90 என்பதும் அப்படியே. அந்த ஆய்வே 88 முதல் 95 வரை போதும் என்றுதான் வைத்திருந்தது. அதை 98 ஆக்க என்னால் ஐந்து நிமிடத்தில் முடியும், ஆனால் அதற்கான கடனை நுரையீரல் அடைக்க வேண்டியிருக்கும்.

குப்புறப் படுக்க வைப்பது நம்பிக்கை இழந்தவர்கள் செய்யும் வேலை அல்ல. அமுங்கிக் கிடக்கும் முதுகுப்பக்கம் மேலே வந்து விரியத் தொடங்குகிறது, காற்று ஓரளவு சீராகப் பரவுகிறது, குழந்தை நுரையீரல் சற்றே வளர்கிறது. 2013இல் வெளியான பிரெஞ்சு ஆய்வில் 466 கடுமையான நோயாளிகளைச் சேர்த்து, ஒரு பகுதியினரை ஒவ்வொரு முறையும் குறைந்தது 16 மணி நேரம் குப்புறப் படுக்க வைத்தார்கள். 28 நாட்களுக்குள் இறந்தவர்கள் அவர்களில் 16.0 சதவீதம், மல்லாந்து படுத்தவர்களில் 32.8 சதவீதம். மாலை 4 முதல் காலை 8 வரை எத்தனை மணி நேரம் என்று எண்ணிப் பாருங்கள்.

பழைய மயக்கவியலாளர் எழுதியது:

நண்பர் நள்ளிரவுப்பணி எழுதியதை நான் மறுக்கவில்லை. ஆனால் இன்றைய மருத்துவர்கள் 6 என்ற எண்ணை மந்திரம்போல ஓதும்போது எனக்குக் கொஞ்சம் எரிச்சல் வருவதுண்டு, ஏனெனில் நான் பயிற்சி பெற்ற காலத்தில் 10 முதல் 15 மில்லி வரை கொடுப்பதே முறை என்று அதே உறுதியோடு எங்களுக்குக் கற்பித்தார்கள். அப்படிக் கற்பித்தவர்கள் மூடர்கள் அல்லர். எங்கிருந்து அந்த எண் வந்தது என்று சொல்கிறேன்.

1952இல் கோபன்ஹேகனில் போலியோ பரவியபோது நோயாளிகள் மூச்சுத் தசைகள் செயலிழந்து இறந்துகொண்டிருந்தார்கள். நெஞ்சை வெளியிலிருந்து இழுத்து விரியவைக்கும் இரும்பு நுரையீரல் பெட்டிகள் போதவில்லை. பியோர்ன் இப்சன் என்ற மயக்கவியலாளர் தொண்டையில் துளையிட்டுக் குழாய் வைத்து, ரப்பர் பையைக் கையால் அழுத்திக் காற்று செலுத்தினார். அந்தப் பைகளை மருத்துவ மாணவர்கள் முறைவைத்து இரவும் பகலும் வாரக்கணக்கில் அழுத்தினார்கள். ஐசியூ என்ற அமைப்பே அங்கிருந்துதான் தொடங்கியது. ஆனால் போலியோ நோயாளியின் தசைதான் கெட்டது, நுரையீரல் பெரும்பாலும் நல்ல நுரையீரல். அறுவை அரங்கில் நாங்கள் மயக்கம் கொடுத்தவர்களுக்கும் அப்படியே. நல்ல நுரையீரல் பெரிய மூச்சைச் சில மணி நேரம் தாங்கும்; சிறிய மூச்சையே தொடர்ந்து கொடுத்தால் ஓரங்கள் சுருங்கிவிடும் என்ற கவலையும் எங்களுக்கு இருந்தது. 1967இல் டென்வரில் ஆஷ்பாவும் அவருடன் இருந்தவர்களும் 12 நோயாளிகளைக் கொண்டு இன்று ஏஆர்டிஎஸ் என்று சொல்லும் நோயை விவரித்தபோது, நல்ல நுரையீரலுக்கான பழக்கத்தையே அந்த நோயாளிகளுக்கும் கொண்டுபோனோம். தவறு அங்கே நடந்தது.

எச்சரிக்கை வராமலும் இல்லை. 1974இல் வெப், டியர்னி என்ற இருவர் எலிகளுக்கு 45 சென்டிமீட்டர் நீர் அழுத்தத்தில் காற்று செலுத்தியபோது, நலமாக இருந்த அந்த நுரையீரல்கள் ஒரு மணி நேரத்துக்குள் நீர் கோத்துப் போயின. அதே அழுத்தத்தோடு 10 சென்டிமீட்டர் பீப் சேர்த்தபோது சேதம் வெகுவாகக் குறைந்தது. பின்னர் 1988இல் பாரிசில் திரேஃபுஸ் குழுவினர் செய்தது எனக்கு மிகவும் பிடித்த சோதனை. எலியின் நெஞ்சையும் வயிற்றையும் பட்டியால் இறுக்கிக் கட்டிவிட்டு அதே உயர்ந்த அழுத்தத்தைக் கொடுத்தார்கள்; நெஞ்சு விரியவில்லை, நுரையீரலும் கெடவில்லை. மறுபக்கம், இரும்பு நுரையீரலில் வைத்து வெளியிலிருந்து இழுத்துப் பெரிய மூச்சு கொடுத்தார்கள். காற்றை அழுத்திச் செலுத்தாதபோதும் நுரையீரல் கெட்டது. குற்றவாளி அழுத்தமானி காட்டும் எண் அல்ல, நுரையீரல் இழுபடும் அளவு என்று அப்போது விளங்கியது. இருந்தும் நாங்கள் ஐசியூவில் பழக்கத்தை மாற்றிக்கொள்ள மேலும் பன்னிரண்டு ஆண்டுகள் ஆயின. என் காலத்து நோயாளிகள் சிலரை இப்போதும் நினைத்துக்கொள்கிறேன்.

அதனால்தான் 6 என்ற எண்ணையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பாதீர்கள் என்கிறேன். ஒரே உயரமுள்ள இருவரில் ஒருவருக்குத் திறந்திருக்கும் நுரையீரல் பாதியாக இருக்கலாம், மற்றவருக்குக் கால்பாகமாக இருக்கலாம். இருவருக்கும் 6 மில்லி என்பது சமமாகுமா?

நள்ளிரவுப்பணி எழுதியது:

ஐயா சொல்வது சரி, அதற்குத்தான் இன்னொரு எண்ணையும் பார்க்கிறோம். மூச்சை உள்ளே செலுத்தியதும் ஒரு நொடி நிறுத்திப் பிடித்தால், காற்று நகராத அந்தக் கணத்தில் நுரையீரலுக்குள் இருக்கும் அழுத்தம் தெரியும். அது 30ஐத் தாண்டக் கூடாது. அதிலிருந்து பீப்பைக் கழித்தால் வருவதுதான் அந்த ஒரு மூச்சு நுரையீரலை எவ்வளவு இழுத்தது என்பதன் கணக்கு. பிடித்து நிறுத்தும்போது 27, பீப் 12 என்றால் இழுப்பு 15. திறந்திருக்கும் பகுதி சிறிதாக இருப்பவருக்கு அதே 250 மில்லிக்கு இந்த எண் உயர்ந்துவிடும், அப்போது 6ஐயும் குறைத்து 5, 4 என்று இறங்குவோம். ஒன்பது ஆய்வுகளில் இருந்த 3,562 நோயாளிகளின் தரவை ஒன்றாக வைத்துப் பார்த்து 2015இல் அமாட்டோ குழுவினர் எழுதியதும், உயிர்பிழைப்போடு நெருங்கிய தொடர்பு இந்த எண்ணுக்குத்தான் இருக்கிறது என்பதே.

பீப்பையும் அதிகமாக வைத்து, மூடிய நுண்ணறைகளையெல்லாம் பலமான அழுத்தத்தால் ஒரேயடியாகத் திறந்துவிடலாமே என்று தோன்றும். எனக்கும் தோன்றியது, சில ஆண்டுகள் செய்தும் இருக்கிறேன். 2017இல் வெளியான ஆய்வில் 1,010 நோயாளிகளிடம் அதைச் சோதித்தபோது, அப்படிச் செய்தவர்களில் 55.3 சதவீதமும் வழக்கமான முறையில் 49.3 சதவீதமும் 28 நாட்களுக்குள் இறந்தார்கள். நிறுத்திவிட்டேன்.

தாமிரபரணிக்கரை எழுதியது:

இருவருக்கும் மிக்க நன்றி. 41.5 கிலோ கணக்கை அத்தான் தானே போட்டுப் பார்த்துவிட்டு வெகுநேரம் பேசாமல் இருந்தார். இன்று மருத்துவரிடம் 'பிடித்து நிறுத்தும்போது எவ்வளவு?' என்று கேட்டோம். அவர் ஆச்சரியப்பட்டு, நின்று, 26 என்று சொன்னார். இன்னும் ஒரு சந்தேகம். நேற்று நான் நிற்கும்போது அம்மாவின் நெஞ்சு அடுத்தடுத்து இரண்டு முறை தூக்கிப்போட்டது, மணி அடித்தது, உடனே செவிலியர் வந்து மருந்தைக் கூட்டினார். ஏற்கெனவே இவ்வளவு மயக்கத்தில் இருப்பவருக்கு இன்னும் மயக்க மருந்து தேவையா?

வெள்ளைச்சீருடை எழுதியது:

அக்கா, நான் ஐசியூவில் செவிலியர். நீங்கள் பார்த்தது நாங்கள் நாள் முழுவதும் கண்வைத்திருக்கும் விஷயம். கருவி 250 மில்லி கொடுத்து முடிக்கிறது. அம்மாவின் மூளைக்கோ கரியமில வாயு கூடியிருப்பதால் இன்னும் மூச்சு வேண்டும் என்ற தவிப்பு. முதல் மூச்சு வெளியேறும் முன்பே அவர் அடுத்ததை இழுக்கிறார், கருவி அதையும் கொடுத்துவிடுகிறது. மூச்சின்மேல் மூச்சு ஏறி நுரையீரலுக்குள் 500 மில்லி போய்விடும். திரையில் 250 என்றுதான் எழுதியிருக்கும். கணக்குப் போட்டு வைத்த அளவெல்லாம் அந்த இடத்தில் வீணாகிவிடும் என்பதால்தான் அந்தச் செவிலியர் ஓடிவந்தார். எப்போதும் மருந்தைக் கூட்டுவதுதான் வழி என்றில்லை. சில நேரம் சளி அடைத்திருக்கும், சில நேரம் வலி இருக்கும், சில நேரம் கருவியின் அமைப்பை மாற்றினாலே சரியாகிவிடும். இவற்றைப் பார்த்த பிறகுதான் மருந்து. நோய் கடுமையாக இருக்கும் முதல் சில நாட்களில் தசைகளைத் தளர்த்தும் மருந்தும் கொடுப்பதுண்டு. நிலைமை தேறியதும் மயக்கத்தைக் குறைக்கிறோம், ஏனென்றால் அதிக நாள் மயக்கத்தில் வைத்தால் கருவியிலிருந்து எடுப்பதே தாமதமாகிறது.

உயரம் அளப்பதைப் பற்றி ஒரு வார்த்தை. படுக்கையில் இருப்பவரைப் பார்த்து ஐந்தடி இருப்பார் என்று கண்ணால் மதிப்பிட்டு எழுதுவது பல இடங்களில் நடக்கிறது. அதனால் அதிகம் பாதிக்கப்படுவது உங்கள் அம்மாவைப் போன்ற உயரம் குறைந்த பெண்கள்தான். ஆண்களுக்கு வைப்பதுபோல 450 என்று வைத்துவிட்டால் உயரமானவருக்கு அது சரியான அளவு, உங்கள் அம்மாவுக்கோ ஏறக்குறைய இரு மடங்கு. உங்கள் மருத்துவமனையில் நாடாவை எடுத்தார்கள் என்று படித்ததும் எனக்கு நிம்மதியாக இருந்தது.

முக வீக்கத்துக்குப் பயப்படாதீர்கள். பதினாறு மணி நேரம் முகம் தாழ்ந்து இருந்தால் நீர் அங்கே இறங்கும். மல்லாத்திய பிறகு மெல்ல வடிந்துவிடும். குப்புறத் திருப்ப எங்களுக்கு ஐந்து பேர் வேண்டும். ஒருவர் தலைமாட்டில் நின்று மூச்சுக்குழாயை விரல்களால் பிடித்துக்கொண்டே எண்ணிக்கை சொல்வார். அவர் சொல்லும்வரை யாரும் அசையக் கூடாது. அதற்கு முன் கண்களில் களிம்பு போட்டு மூடி ஒட்டுவோம், நெஞ்சில் இருக்கும் இசிஜி ஒட்டிகளை முதுகுக்கு மாற்றுவோம். திருப்பிய பிறகு இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை முகத்தை அந்தப் பக்கம் இந்தப் பக்கம் மாற்றி, ஒரு கையை மேலே ஒரு கையைக் கீழே என்று நீந்துபவரைப் போல வைப்போம். அப்படியும் கன்னத்திலோ தாடையிலோ சிவந்து புண் வருவதுண்டு. வந்தால் கேளுங்கள், சொல்வார்கள்.

இன்னொன்று. கருவியின் குழாயை ஏதாவது காரணத்துக்காகக் கழற்ற நேரும்போது முதலில் இடுக்கியால் மூச்சுக்குழாயை இறுகக் கவ்விவிட்டுத்தான் கழற்றுவோம். கவ்வாமல் கழற்றினால் உள்ளே தங்கியிருக்கும் அழுத்தம் ஒரு நொடியில் வெளியேறி, அரை நாள் பாடுபட்டுத் திறந்த நுண்ணறைகள் மூடிக்கொள்ளும். பார்ப்பவர்களுக்கு அம்மாவின் மூச்சையே அடைப்பதுபோலத் தெரியும். ஒரு முறை ஒரு மகன் என் கையைத் தட்டிவிட்டார். அவரைக் குற்றம் சொல்ல முடியவில்லை.

தாமிரபரணிக்கரை எழுதியது:

ஒன்பதாம் நாள். ஆக்சிஜனை 40 சதவீதத்துக்குக் குறைத்திருக்கிறார்கள், விரலில் 94. இனிக் குப்புறப் படுக்க வைக்கத் தேவையில்லை என்று சொல்லிவிட்டார்கள். மயக்க மருந்தும் பாதிதான் போகிறது. இன்று நான் கூப்பிட்டபோது கண்ணைத் திறந்தார், ஆனால் என்னை அடையாளம் கண்டாரா என்று தெரியவில்லை. இத்தனைக்குப் பிறகு நுரையீரல் பழையபடி ஆகுமா?

நள்ளிரவுப்பணி எழுதியது:

நல்ல செய்தி. ஆனாலும் குழாயை எடுக்கும்வரை ஏற்ற இறக்கம் இருக்கும், ஒரு நாள் எண் குறைந்தால் மனம் உடைந்துவிட வேண்டாம். டொரண்டோவில் ஏஆர்டிஎஸ்ஸிலிருந்து மீண்ட 109 பேரைத் தொடர்ந்து பார்த்து 2003இல் எழுதியிருக்கிறார்கள். ஓராண்டில் அவர்களுடைய நுரையீரலின் கொள்ளளவு பெரும்பாலும் இயல்புநிலைக்கு அருகில் வந்துவிட்டது. திரும்பாமல் இருந்தது தசைபலம். ஆறு நிமிடத்தில் நடக்கும் தூரம் எதிர்பார்க்கும் தூரத்தில் மூன்றில் இரண்டு பங்குதான் இருந்தது. ஆகவே இனி நீங்கள் மருத்துவரிடம் கேட்க வேண்டியது மூச்சைப் பற்றி மட்டும் அல்ல, பிசியோதெரபி எப்போது தொடங்கும் என்பதையும்தான்.

வெள்ளைச்சீருடை எழுதியது:

அக்கா, அம்மா கண்ணாடி போடுபவர் என்றால் நாளைக்கு அதை எடுத்துக்கொண்டு போய்ச் செவிலியரிடம் கொடுங்கள். கண்ணாடி இல்லாமல் பார்த்தால் உங்களை மட்டுமல்ல, யாரையும் அடையாளம் தெரியாது. குரல்வளை வழியாகக் குழாய் போயிருப்பதால் இப்போது சத்தம் வராது என்று அவரிடமே சொல்லுங்கள். சொல்லாவிட்டால் பேச்சே போய்விட்டது என்று பயந்துபோவார். இன்று என்ன கிழமை, எந்த ஊர், வீட்டில் யார் யார் சாப்பிட்டார்கள் என்று சாதாரணமாகப் பேசிக்கொண்டிருங்கள். அந்தப் பத்து நிமிடமும் திரையைப் பார்க்க வேண்டாம், அதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.